சாவா மூவாப் பேராடும் கடைமடைத் தபாலும்

2025இலிருந்து இந்தியாவில் ‘ரிஜிஸ்தர் தபால்’ என்று தனியாக ஒரு சேவை இல்லை. விரைவுத் தபாலோடு அதைச் சேர்த்துவிட்டார்கள். காவிரி டெல்டாவின் பழைய குடும்பங்களுக்கு இது சாதாரண அலுவலக அறிவிப்பாக இருந்திருக்க முடியாது. அடகு வைத்த நகை ஏலத்துக்கு வரப்போகிறது என்று வங்கி சொன்னது ரிஜிஸ்தர் தபாலில்தான். பாகப்பிரிவினை வழக்கில் அண்ணனும் தம்பியும் வக்கீல் வைத்துப் பேசிக்கொண்டது அதில்தான். குத்தகைத் தகராறும், வேலைக்கு வந்த உத்தரவும் அதே உறையில் வந்தன. கையெழுத்து வாங்க அட்டையை நீட்டிக்கொண்டு தபால்காரர் வாசலில் நின்றால் திண்ணையில் சாய்ந்திருந்தவர் எழுந்து உட்காருவார். நல்லதோ கெட்டதோ, அந்த வீட்டின் பெயருக்கு ஏதோ ஒன்று வந்திருக்கிறது.

இணைத்ததற்குக் காரணம் உண்டு. 2011-12இல் 24.44 கோடியாக இருந்த பதிவுத் தபால்களின் எண்ணிக்கை 2019-20இல் 18.46 கோடியாகச் சரிந்தது. எட்டு ஆண்டுகளில் நாலில் ஒரு பங்கு போயிற்று. மறுபக்கம் பொட்டலங்கள் பெருகின. 2025 பிப்ரவரி 1 அன்று நிதிநிலை அறிக்கையை வாசித்த நிர்மலா சீதாராமன், ஒன்றரை லட்சம் கிராம அஞ்சலகங்களும் 2.4 லட்சம் அஞ்சல் சேவகர்களும் கொண்ட இந்திய அஞ்சல் துறை, பெரிய பொதுத்துறைச் சரக்குப் போக்குவரத்து அமைப்பாக மாற்றப்படும் என்று அறிவித்தார். கடிதம் சுமந்த துறை இனிச் சரக்கு சுமக்கும்.

நிர்வாகிகள் இதை வருமானக் கேள்வியாகப் பார்க்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. கேட்பவர் குறைந்துவிட்டால், கொடுக்கக் கடமைப்பட்டவரின் கடமையும் குறைந்துவிடுமா? ஊரில் ஒரே ஒரு வீட்டுக்குத்தான் இன்று தபால் இருக்கிறது என்றால், அந்த ஒரு வீட்டுக்கு நாடு என்ன கடன்பட்டிருக்கிறது? அறநூல்கள் காலங்காலமாகப் பேசிவரும் கேள்வி இது. அஞ்சல் துறையின் தலைமைப் பொறுப்பில் அமர்பவர் அதை ஒவ்வொரு நிதியாண்டிலும் சந்தித்தாக வேண்டியிருக்கிறது.

கணக்கு கடுமையானது. 2018-19 நிதியாண்டில் துறையின் பற்றாக்குறை ஏறத்தாழ 15,000 கோடி ரூபாய் என்று செய்திகள் வந்தன. அந்தச் சமயத்தில் வெளியான ஒரு விவரம் பலர் மனதில் தங்கிவிட்டது. ஒரு தபால் அட்டையைக் கொண்டுசேர்க்கத் துறைக்கு ஆகும் செலவு 12 ரூபாய் 15 காசு. அட்டையின் விலை 50 காசு. எந்தக் கடைக்காரரும் இப்படி ஒரு பொருளை விற்க மாட்டார். விற்றால் மறுநாள் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

பூட்டிய நாடும் இருக்கிறது. டென்மார்க்கில் 1624இல் தொடங்கிய அரசுத் தபால், நானூறு ஆண்டுகள் கழித்து, 2025 டிசம்பர் 30 அன்று கடைசிக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு அந்த வேலையை நிறுத்திக்கொண்டது. 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு அங்கே கடிதங்கள் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் குறைந்திருந்தன. தெருவோரச் சிவப்புப் பெட்டிகள் கழற்றப்பட்டன. பொட்டலங்களை மட்டும் போஸ்ட்நோர்ட் நிறுவனம் தொடர்கிறது. கடிதம் அனுப்ப விரும்புகிறவர் தனியார் நிறுவனத்திடம் போக வேண்டும். டேனியர்களைக் குறை சொல்ல எளிதில் முடியாது. அரசு அனுப்பும் ஓலைகள் அங்கே ஏறக்குறைய அனைவருக்கும் கணினி வழியே போய்ச் சேர்ந்துவிடுகின்றன. தேவை தீர்ந்தது, சேவையும் தீர்ந்தது என்று அந்த நாடு முடிவு செய்தது.

தஞ்சாவூர்ச் சீமையில் நின்று பார்த்தால் அந்த முடிவு சரியென்று படவில்லை. ஏன் என்று கேட்டால் 1854க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று, கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி காலத்தில், இந்திய அஞ்சல் துறை இன்றைய வடிவில் அமைந்தது. அதுவரை தூரத்துக்குத் தக்கபடி கட்டணம் கூடியது. புதிய ஏற்பாட்டில் கால் தோலா எடையுள்ள கடிதத்துக்கு அரை அணா. கும்பகோணத்திலிருந்து பக்கத்து ஊருக்குப் போனாலும் அரை அணா, கல்கத்தாவுக்குப் போனாலும் அரை அணா. கம்பெனி அரசு இதைத் தர்மமாக நினைத்துச் செய்யவில்லை. ஆட்சிக்கும் வணிகத்துக்கும் ஒரே சீரான தபால் தேவைப்பட்டது, அவ்வளவுதான். ஆனாலும் அந்த விதிக்குள் ஒரு அறம் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. தூரத்தில் பிறந்தது ஒருவருடைய குற்றமாகாது, தூரத்தின் சுமையை எல்லோரும் சேர்ந்து சுமப்போம் என்பது அதன் உட்பொருள். ஆள்பவர்களின் வசதிக்காகப் பிறந்த விதி, ஆளப்பட்டவர்களின் உரிமையாக முதிர்ந்தது.

தெருக்களுக்குச் சாதி இருந்த இந்த மண்ணில் அந்த உரிமைக்கு இன்னும் கூடுதல் கனம் உண்டு. பொதுத் தெருவில் நடக்கவும், பொது அலுவலகத்துக்குள் நுழையவும், பொதுக் கிணற்றையும் குளத்தையும் பயன்படுத்தவும் எந்த வகுப்பாருக்கும் தடை இல்லை என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தது 1924இல். தபால் தொடங்கி எழுபது ஆண்டுகள் ஓடிய பிறகும் அப்படி ஒரு தீர்மானம் தேவைப்பட்டது. அரசாணை வந்த மறுநாளே சேரியும் அக்ரஹாரமும் ஒன்றாகிவிடவில்லை என்பது டெல்டாவை அறிந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் முகவரி எழுதிய உறை ஒன்று ஒருவருடைய பெயரைச் சொல்லி அவர் வீட்டு வாசலுக்கு வந்தாக வேண்டும் என்ற விதியில் சாதிக்கு இடமில்லை. ஊர் அவரை எப்படிக் கூப்பிட்டாலும், உறையின் மேல் இருப்பது அவருடைய முழுப் பெயர்.

காவிரி கல்லணையில் பிரிகிறது. காவிரியாக, வெண்ணாறாக, கல்லணைக் கால்வாயாக, கொள்ளிடமாக நான்கு வழி போகிறது. வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தால், தலைமடையில் நாற்று விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வேதாரண்யம், தலைஞாயிறு, பேராவூரணிப் பக்கத்துக் கடைமடைக்காரர்கள் இன்னும் வாய்க்காலை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தண்ணீர் தட்டுப்பட்டால் முறை வைத்து விடுவது இங்கே வழக்கம். தலைமடைக்கு இத்தனை நாள், கடைமடைக்கு இத்தனை நாள். கடைமடைக்குத் தண்ணீர் கொண்டுபோனால் வழியில் எவ்வளவோ மண்ணில் இறங்கிவிடும், விரயம். கணக்குப் பார்த்தால் தலைமடையிலேயே நிறுத்திக்கொள்வதுதான் இலாபம். அப்படிச் சொல்லும் பொறியாளரை டெல்டா ஒருநாளும் மன்னிக்காது. கோடியக்கரைக்குத் தபால் கொண்டுபோகும் செலவையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

இதை எந்த அறத்தின் கணக்கில் எழுதுவது? தானம் என்று சொன்னால் பெறுபவர் இரப்பவர் ஆகிவிடுவார். வணிகம் என்றால் 12 ரூபாய்க்கும் 50 காசுக்கும் இடையில் அது செத்துப்போகும். வள்ளுவர் இரண்டுக்கும் வெளியே ஓர் இடம் வைத்திருக்கிறார். திருக்குறளில் ஈகை 23ஆம் அதிகாரம். அதற்கு முன்னாலேயே, 22ஆம் அதிகாரமாக, ஒப்புரவறிதல் வந்துவிடுகிறது. இல்லாதவருக்கு இரங்கிக் கொடுப்பதைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, ஊரோடு வாழ்பவர் ஊருக்குப் பட்டிருக்கும் கடமையைப் பேசிவிடுகிறார். மழைக்கு உலகம் திருப்பிச் செய்வது என்ன என்று கேட்டுத்தான் அந்த அதிகாரமே தொடங்குகிறது. ஊருணியில் நீர் மொள்பவர் யாருக்கும் நன்றி சொல்லத் தேவையில்லை. யாரும் அவரிடம் ஏழைச் சான்றிதழ் கேட்பதும் இல்லை. அஞ்சலகத்தின் இடம் அந்த 22ஆம் அதிகாரத்தில்தான் இருக்கிறது.

சரி, கடமை என்றே ஒப்புக்கொள்வோம். அதற்கு யார் செலவழிப்பது, எவ்வளவு காலம்? இந்தக் கேள்விக்குத் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்கள் வியப்பான அளவுக்கு நுட்பமான விடை வைத்திருக்கின்றன.

முதலாம் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, கோயில் பணிக்காகப் பல ஊர்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைப் பட்டியலிடுகிறது. பெயரை மட்டும் சொல்லி விட்டுவிடவில்லை. எந்தச் சேரி, தெருவின் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்று வரிசையாகப் பொறித்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய முகவரிப் புத்தகம் அது. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் பங்கு. பங்கு போய்ச் சேர வேண்டுமானால் வீடு தெரிந்திருக்க வேண்டும் என்பதே காரணம். 1972 ஆகஸ்ட் 15 அன்று ஸ்ரீராம் பிகாஜி வேலன்கர் அறிமுகப்படுத்திய அஞ்சல் குறியீட்டு எண்ணுக்கும், நாட்டை நாலுக்கு நாலு மீட்டர்க் கட்டங்களாகப் பிரித்து 2025இல் வெளியான டிஜிபின்னுக்கும் பின்னால் இருப்பதும் அதே அக்கறைதான். கடமையைச் செய்ய நினைப்பவன் முதலில் ஆள் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்கிறான்.

அதே கோயிலின் விளக்குக் கட்டளைகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. ஒரு நந்தாவிளக்கு இரவும் பகலும் அணையாமல் எரிய நாள்தோறும் ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்காக 96 ஆடுகள் இடையரிடம் ஒப்படைக்கப்பட்டன. எந்த ஊர், எந்த இடையர் என்பதும் கல்லில் இருக்கிறது. இந்த ஆடுகளுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். ஆடு சாகத்தான் செய்யும், கிழடாகத்தான் செய்யும். ஆனால் கணக்கில் மந்தை சாவதில்லை, மூப்பதும் இல்லை. செத்ததற்கு ஈடாகக் குட்டியை வளர்த்துச் சேர்த்து எண்ணிக்கையைக் காக்க வேண்டியது இடையரின் பொறுப்பு. விளக்கு தனக்கு வேண்டிய நெய்யைத் தானே சம்பாதிக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. சம்பாதிப்பது மந்தையின் வேலை, எரிவது விளக்கின் வேலை. எது எதற்காக இருக்கிறது என்பதில் கட்டளை எழுதியவருக்குக் கொஞ்சமும் குழப்பம் இல்லை.

இந்திய அஞ்சல் துறையின் வரலாற்றை இந்தக் கண்ணால் பார்த்தால், அது மந்தையை மாற்றி மாற்றி வளர்த்த கதையாகத் தெரியும். முதலில் கடிதம். 1879இல் தபால் அட்டை. 1880இல் மணியார்டர். டெல்டாவுக்கு மணியார்டர் என்ன செய்தது என்று சொல்ல வேண்டியதில்லை. நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களின் வீட்டு அடுப்பு எரிந்தது கடல் கடந்து வந்த பணத்தால். பிறகு முதியோர் உதவித்தொகையும் மணியார்டராக வந்தது. தபால்காரர் எண்ணிக் கொடுக்கும் அந்த நோட்டுகளுக்காக மாதம் முழுக்கக் காத்திருந்த கிழவிகள் எந்த ஊரிலும் இருந்தார்கள். சேமிப்புக் கணக்கு, ஆயுள் காப்பீடு, செல்வமகள் திட்டம், 2018 செப்டம்பர் 1 அன்று தொடங்கிய அஞ்சல் பணப்பட்டுவாடா வங்கி என்று மந்தை பெருகியபடியே வந்திருக்கிறது. ஒன்று மூப்படைந்தபோது இன்னொன்று பிறந்தது.

இப்போது பொட்டலம். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையும் கலைத்தட்டும் திருபுவனம் பட்டும் நாச்சியார்கோவில் குத்துவிளக்கும் உலகமெங்கும் போகின்றன. சிறு வணிகர் ஏற்றுமதி செய்ய அஞ்சலகங்களிலேயே ஏற்றுமதி மையங்கள் திறக்கப்பட்டிருக்கின்றன. இந்தப் புதிய ஆடும் நோய்நொடிக்கு ஆட்பட்டதுதான். சிறு மதிப்புப் பொருள்களுக்கு இருந்த சுங்க விலக்கை அமெரிக்கா நீக்கியதால், 2025 ஆகஸ்ட் 25 முதல் அந்த நாட்டுக்குப் பெரும்பாலான பொட்டலங்களை இந்திய அஞ்சல் துறை நிறுத்தி வைத்தது. மீண்டும் தொடங்கியது அக்டோபர் 15இல். இடையில் வந்துபோனது நவராத்திரி. அமெரிக்காவில் கொலு வைக்கும் வீடுகளுக்குப் பொம்மை அனுப்ப ஆண்டில் அதைவிட நல்ல காலம் கிடையாது. எங்கோ ஒரு தலைநகரில் போட்ட கையெழுத்து, தஞ்சாவூர்ப் பொம்மைக்காரரின் பருவத்தைத் தொட்டுவிடுகிறது. பொட்டலத்தை மட்டும் நம்பி ஒரு துறையைக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டியதில்லை.

மந்தை வளர்ப்பதில் தவறில்லை. வளர்க்காவிட்டால்தான் தவறு. 2014இல் முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் தலைமையில் அமைந்த பணிக்குழு, வங்கி, காப்பீடு போன்ற வேலைகளைத் தனித்தனி அமைப்புகளாகப் பிரித்து வளர்க்கப் பரிந்துரைத்தது இந்த நோக்கில்தான். அபாயம் வேறிடத்தில் இருக்கிறது. ஆட்டைப் பெருக்குவதில் மும்முரமான இடையர், விளக்குக்குப் போகும் நெய்யையும் நட்டக் கணக்கில் எழுதத் தொடங்கும் நாள் வரும். அந்த நாளில் கிளை அஞ்சலகங்கள் ஒவ்வொன்றாகக் கணக்குப் புத்தகத்தில் சிவப்பு மையாகத் தெரியத் தொடங்கும்.

சின்ன அடையாளங்கள் தென்படவும் செய்கின்றன. 2024 டிசம்பரில் புதிய விதிகள் வந்தபோது புத்தகங்களுக்கான மலிவான தபால் வகை நீங்கியது. சிறுபத்திரிகைகளும் சிறு பதிப்பகங்களும் அதை நம்பித்தான் வாசகர்களைச் சென்றடைந்தன. எதிர்ப்புகளுக்குப் பிறகு 2025 மே 1 அன்று ‘ஞான் போஸ்ட்’ வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய். இழந்ததில் ஒரு பகுதி திரும்பியது. பதிவுத் தபாலிலும் அப்படித்தான். விரைவுத் தபாலில் 50 கிராம் வரை உள்ளூருக்கு 19 ரூபாய், வெளியூருக்கு 47 ரூபாய். பதிவு வேண்டுமென்றால் மேலும் 5 ரூபாய், வரி தனி. வெளியூர்க் கோர்ட்டுக்கு ஒரு காகிதம் அனுப்ப விரும்பும் கூலித் தொழிலாளிக்கு இந்தச் செலவு சின்னதாக இருக்காது.

எதிர்த்தரப்பிலிருந்து நேர்மையான ஒரு கேள்வி வரும். கையில் போன் இருக்கிறது, பணம் வங்கிக்கு வருகிறது, நெல் கொள்முதல் பணமும் கணக்கில் ஏறுகிறது. பிறகு தபால் அட்டையை எதற்காகக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? அந்தப் பணத்தில் கடைமடைக்கு நல்ல இணைய வசதி கொடுக்கலாமே. இந்தக் கேள்வியை ஒதுக்க முடியாது. தபால் அட்டையே விளக்கு என்று நினைத்தால் கேட்பவர் பக்கமே நியாயம்.

விளக்கு அட்டையில் இல்லை. எந்த வாசலுக்கும் அரசின் பொறுப்பைச் சுமந்துகொண்டு ஒரு மனிதர் வந்து சேர முடியும் என்ற நிலைதான் விளக்கு. 2020 ஊரடங்கில் பேருந்து ஓடவில்லை, வங்கிக்குப் போக வழியில்லை. நாடு முழுவதும் அஞ்சல் ஊழியர்கள் மருந்துப் பொட்டலங்களையும் பணத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். விரல் ரேகையை வைத்தால் கணக்கிலிருந்து பணம் எடுத்துக் கையில் கொடுத்தார்கள். அந்த மார்ச் மாதத்தில் அவசரமாக ஒரு புதிய வலையை யாராலும் பின்னியிருக்க முடியாது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்கள், அவற்றில் பத்தில் ஒன்பது கிராமங்களில், ஏற்கெனவே இருந்தன. தேவை இல்லாதபோதும் அவற்றை எரியவிட்டிருந்ததால் தேவைப்பட்டபோது வெளிச்சம் இருந்தது. ஓய்வூதியர் உயிரோடிருக்கிறார் என்ற சான்றைப் படுக்கையருகே வந்து பதிந்து கொடுப்பதும் இன்று தபால்காரர்தான். நடக்க முடியாத ஒரு முதியவருக்கு எந்தச் செயலியும் செய்யாத உதவி அது.

ஆகவே தலைமை ஏற்பவர் செய்ய வேண்டியது ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. பொட்டலமும் வங்கியும் போட்டியில் முழு மூச்சோடு ஓடட்டும். அங்கே நட்டத்துக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம். கடைமடைக்குப் போய்ச் சேரும் செலவைத் தனிக் கணக்காக எழுதி, அது நாடு பட்டிருக்கும் கடன் என்று நாடாளுமன்றத்தில் வெளிப்படையாகச் சொல்லிப் பணம் கேட்க வேண்டும். பற்றாக்குறை என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் போட்டுக் குலுக்கினால், சோம்பலும் கடமையும் ஒரே நிறத்தில் தெரியும். பிறகு வெட்ட வருபவர் எதை வெட்டுகிறோம் என்று அறியாமலே வெட்டுவார்.

இதில் பெரும்பாலும் பேசப்படாத ஒருவர் இருக்கிறார். கல்வெட்டில் நெய் அளந்ததுபோக மந்தையால் வாழ்ந்தது இடையர் குடும்பம். இன்றைய இடையர் கிராமிய அஞ்சல் சேவகர். ஜி.டி.எஸ். என்று ஊரில் சொல்வார்கள். கிளை அஞ்சலகத்துக்கு இடம் ஏற்பாடு செய்து, கணக்குத் தொடங்கி, காப்பீடு சேர்த்து, பொட்டலத்தை இரண்டு சக்கர வண்டியில் கட்டிக்கொண்டு வாய்க்கால் கரையில் போகிறவர். முழு அரசு ஊழியர் என்ற தகுதி அவருக்குக் கிடையாது. இந்தச் சேவகர்களின் ஊதியத்தை ஆராய்ந்த கமலேஷ் சந்திரா குழுவின் அறிக்கையை நிறைவேற்றக் கோரி 2018 மே, ஜூனில் நாடு தழுவிய வேலைநிறுத்தம் நடந்தது. அதன்பின் அந்த ஆண்டு ஜூலை முதல் புதிய ஊதிய விகிதம் வந்தது. கிளை அஞ்சல் அதிகாரிக்கு நாலு மணி நேர வேலையானால் 12,000 ரூபாயில் தொடக்கம், ஐந்து மணி நேரமானால் 14,500. அவருக்குக் கீழே உள்ளவர்களுக்கு 10,000, 12,000. பஞ்சப்படி தனி.

நாலு மணியா ஐந்து மணியா என்பதை அந்த அஞ்சலகத்தின் வேலைப்பளு தீர்மானிக்கிறது. தலைமடையில், டவுன் பக்கத்தில், பொட்டலமும் கணக்கும் பெருகும் கிளைக்கு ஐந்து. கடிதம் குறைந்துபோன கடைமடைக் கிளைக்கு நாலு. ஊர் முழுதும் தேவை குறைந்தாலும் போய்ச் சேர வேண்டும் என்ற கடமையைத் தோளில் சுமப்பவருக்கே, தேவையை அளந்து சம்பளம் போடுகிறது துறை. எட்டு மணி நேர வேலையும் ஓய்வூதியமும் கேட்டு அவர்களுடைய சங்கங்கள் தொடர்ந்து போராடிவருகின்றன. சரக்குப் போக்குவரத்துத் திட்டத்தின் அடுத்த கட்டத்தை வகுப்பவர்கள் முதலில் தீர்க்க வேண்டியது இந்தக் கோரிக்கையைத்தான்.